தில்லியில் அம்மா, மகளுடன் தங்க எந்தப் பகுதி பாதுகாப்பானது?

வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசி வாரத்தில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு தில்லி போகிறேன். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. மகள் ஏழாம் வகுப்பு. ஆண்கள் யாரும் உடன் வரவில்லை. மூவருக்குமே இந்தி தெரியாது. சென்னையிலிருந்து போகும் விமானம் இரவு 10:50க்கு டெர்மினல் 3-இல் இறங்குகிறது. சலுகைக் கட்டணத்தில் எடுத்த டிக்கெட், இனி மாற்ற முடியாது.

செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, ஒரு நாள் ஆக்ரா. இவ்வளவுதான் திட்டம். ஓர் இரவுக்கு 3000 ரூபாய் வரை கொடுக்க முடியும்.

எங்கே தங்குவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பெரியப்பா மகன், "பகார்கஞ்சில் தங்கு, ரயில் நிலையம் பக்கம், அறையும் மலிவு" என்கிறான். நாத்தனார் அந்தப் பெயரைக் கேட்டதுமே பதறுகிறார். அலுவலகத்தில் ஒருவர் கரோல் பாக் என்கிறார், இன்னொருவர் தெற்குத் தில்லியைத் தவிர வேறெங்கும் வேண்டாம் என்கிறார். முன்பதிவுத் தளங்களைப் பார்த்தால் எல்லா விடுதிக்கும் ஒரே வாசகம்: மையமான இடம், குடும்பத்துக்கு ஏற்றது. தில்லியை அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பூசா ரோடு

கரோல் பாக் எடுங்கள். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்த நாளிலிருந்து இந்தப் பக்கம்தான் வசிக்கிறேன். பக்கத்தில் பழைய ராஜிந்தர் நகர். அங்கே தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இட்லி, தோசை, சாம்பார் சாதத்துக்கு அலைய வேண்டாம். பூசா சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியே இருக்கிறது. மொழி தெரியாமல் தவிக்கும்போது தமிழ்க் குரல் ஒன்று காதில் விழுவதே பெரிய தைரியம்.

நீல வழித்தட மெட்ரோவில் கரோல் பாக்கிலிருந்து, நகர மையமான கன்னாட் பிளேஸுக்குரிய ராஜீவ் சௌக் மூன்றாவது நிலையம். அஜ்மல் கான் சாலைக் கடைவீதியில் இரவு ஒன்பது வரை குடும்பங்கள் நடமாடும். திங்கட்கிழமை மட்டும் கடைகளுக்கு விடுமுறை, அன்றைக்குத் தெரு வேறு மாதிரி இருக்கும். 3000 ரூபாய்க்கு லிஃப்ட் உள்ள நல்ல அறை கிடைக்கும்.

கோவை வாசகன்

பெண்கள் மூவர், இரவு விமானம், மொழியும் தெரியாது என்கிறபோது பணத்தைப் பார்க்கலாமா? விமான நிலையத்தை ஒட்டிய ஏரோசிட்டியில் தங்குங்கள். மெட்ரோவும் உண்டு, வாசலில் காவலும் உண்டு.

வைகைக்கரை

பார்த்தேன் ஐயா. அந்த விடுதிகளில் ஓர் இரவுக்குக் கேட்கும் தொகையில் எங்கள் பயணமே முடிந்துவிடும். பணம் குறைவாக இருப்பவர்களும் பத்திரமாக ஊர் பார்க்க வேண்டும் அல்லவா?

பயணப்பை

உங்கள் அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். தனியாகப் பயணம் செய்யும் பெண் நான், பகார்கஞ்சில் பலமுறை தங்கியிருக்கிறேன். ரயில் நிலையத்தின் மேற்கு வாசலிலிருந்து ராமகிருஷ்ணா ஆசிரம மார்க் மெட்ரோ வரை நீளும் மெயின் பஜாரில் இரவு பதினொரு மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். பழக்கடை, மருந்துக்கடை, டீக்கடை எல்லாம் திறந்திருக்கும். உலகம் முழுவதிலிருந்தும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கும் இடம் அது. அதை ஏதோ கொலைக்களம் போல மற்றவர்கள் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு அந்த இடம் சரிவராது. மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் பைக்கும் ஒரே சந்தில் நெருக்கும். பல விடுதிகளில் வாடகை குறைவான அறைகள் மூன்றாம் மாடியில்தான் இருக்கும், படிகளும் செங்குத்து. நிலையத்துக்கு வடமேற்கே ஆரகஷான் சாலையில் லிஃப்ட் உள்ள விடுதிகள் உண்டு. அங்கே தெருத் தரகர்கள் பையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள்.

நிர்வாகி

ஒரு வேண்டுகோள். பகுதி, தெரு, மெட்ரோ நிலையம் இவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கசப்பான அனுபவம் நேர்ந்த விடுதியின் பெயரை இங்கே எழுத வேண்டாம், நிகழ்ந்ததை மட்டும் எழுதினால் போதும்.

தண்டவாளம்

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புதுதில்லி நிலையத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா, ரயிலில் போகிற மற்றவர்களுக்கும் உதவும்.

நிலையத்தில் 16 நடைமேடைகள். மேற்கே பகார்கஞ்ச் வாசல், கிழக்கே அஜ்மேரி கேட் வாசல். மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். விமான நிலைய மெட்ரோவில் வந்து இறங்கி, பகார்கஞ்சில் அறை எடுத்திருக்கும் புதியவர் பெட்டியோடு நிலையத்தைக் குறுக்கே கடக்கப் பார்ப்பார். மோசடிக்காரர் காத்திருப்பது அங்கேதான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், பேச்சு மரியாதையாக இருக்கும். "உங்கள் டிக்கெட்டை இங்கே காட்ட வேண்டும்", "அந்தத் தெருவில் கலவரம், சாலையை மூடிவிட்டார்கள்", "அந்த விடுதி எரிந்துபோய்விட்டது" என்பார். உங்கள் கண் முன்னே விடுதிக்கு போன் போட்டுத் தருவார். மறுமுனையில் பேசுவது அவருடைய கூட்டாளி. அடுத்த பத்து நிமிடத்தில் நீங்கள் கன்னாட் பிளேஸ் பக்கம் ஏதாவது ஒரு "சுற்றுலா அலுவலக"த்தில் உட்கார்ந்து, பல மடங்கு விலைக்கு வேறு விடுதியும் காரும் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அவர் கத்தியைக் காட்டுவதில்லை. களைப்பும் குழப்பமும்தான் அவருடைய மூலதனம். ஆகவே தாமாக வந்து உதவுகிறவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள். விசாரிக்க வேண்டுமென்றால் சீருடை அணிந்த ரயில்வே பாதுகாப்புப் படையினரை நீங்களாகத் தேடிப்போய்க் கேளுங்கள். ரயில் தொடர்பான எல்லாவற்றுக்கும் 139 எண் இருக்கிறது.

யமுனைவாசி

வைகைக்கரை, எல்லாப் பதில்களையும் படித்தேன். திருமணமாகி வந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். இப்போது மயூர் விகாரில். இந்நகரத்தில் பெண் பிள்ளைகள் இருவரை வளர்த்து, கல்லூரிக்கும் வேலைக்கும் அனுப்பியவள் என்கிற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பகுதியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கரோல் பாக் என்றாலும் லாஜ்பத் நகர் என்றாலும் ஒவ்வொன்றும் ஒரு சிற்றூர் அளவு பெரியது. ஒரே பகுதியில் ஒரு சந்து குழந்தையைத் தனியாகக் கடைக்கு அனுப்பும்படி இருக்கும். அடுத்த சந்தில் எட்டு மணிக்கு மேல் நானே நடக்க மாட்டேன். நீங்கள் பார்க்க வேண்டியது மெட்ரோ நிலையத்தின் வாசலிலிருந்து விடுதியின் வாசல் வரை உள்ள தூரம். அந்த நானூறு, ஐந்நூறு மீட்டரை நீங்கள் எத்தனை மணிக்கு நடப்பீர்கள், அப்போது அங்கே என்ன திறந்திருக்கும் என்பதுதான் கேள்வி. டிசம்பரில் இங்கே ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும். மதுரையில் ஏழு மணி என்றால் தெரு நிறையக் கூட்டம். குளிர்கால தில்லியில் ஏழு மணிக்குப் பல குடியிருப்புத் தெருக்கள் ஓய்ந்துவிடும்.

தெற்குத் தில்லிதான் பாதுகாப்பு என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னவருக்கும் ஒரு வார்த்தை. டிபன்ஸ் காலனி, கிரேட்டர் கைலாஷ் போன்ற இடங்களின் உள் தெருக்களில் இரவு ஒன்பதுக்கு நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் உயரமான மதில், வரிசையாக நிறுத்திய கார்கள், ஜன்னல்கள் சாத்தியிருக்கும். கூப்பிட்டால் கேட்க ஆள் கிடையாது, தெருநாய்கள் மட்டும் கூட்டமாகப் படுத்திருக்கும். வசதியானவர்கள் அங்கே பாதுகாப்பாக இருப்பது காரில் வந்து காரில் போவதால். நீங்கள் நடந்து போகிறவர்கள்.

காலனிகளின் கேட் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பத்து, பதினொரு மணிக்கு மேல் குடியிருப்போர் சங்கத்தார் எல்லாக் கேட்டுகளையும் பூட்டி ஒன்றை மட்டும் திறந்து வைப்பார்கள். வாடகைக் கார் ஓட்டுநரின் போனில் இருக்கும் வரைபடத்துக்கு அது தெரியாது. பூட்டிய கேட்டின் முன் காரை நிறுத்தி, "இங்கேதான், இறங்கி நடந்துகொள்ளுங்கள்" என்பார். நள்ளிரவில் பெட்டியும் முழங்கால் வலியுமாக நீங்கள் இறங்கவே கூடாது. எந்தக் கேட் திறந்திருக்கும் என்று விடுதியில் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் திட்டத்துக்கு லாஜ்பத் நகரையே சொல்வேன். ஊதா, இளஞ்சிவப்பு வழித்தடங்கள் அங்கே சந்திக்கின்றன. ஊதாத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் லால் கிலா நிலையம், அதுதான் செங்கோட்டை. குதுப் மினாருக்கு மத்தியத் தலைமைச் செயலக நிலையத்தில் மஞ்சள் தடத்துக்கு மாற வேண்டும். ஹுமாயூன் கல்லறையும் ஆக்ரா ரயில் புறப்படும் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையமும் ஆட்டோவில் போகிற தூரம். சுற்றியுள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு ஆப்கானிஸ்தானிலிருந்தும் இராக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே தங்குகிறார்கள். அதனால் வயதானவர்களோடு வருகிறவர்களுக்குப் பழகிய விடுதிகள் இருக்கின்றன, மருந்துக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் நேரம் கழித்தும் திறந்திருக்கும். மத்தியச் சந்தைக்கும் மெட்ரோவுக்கும் இடைப்பட்ட தெருக்களில் பாருங்கள்.

பயணப்பை

அக்கா, வெறிச்சோடிய பணக்காரத் தெருவைப் பற்றி நீங்கள் எழுதியதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன். நடமாட்டம் உள்ள ஏழைத் தெரு அதைவிட மேல். பிறகு பகார்கஞ்சை மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள்? அங்கேதானே விடிய விடிய ஆள் இருக்கிறார்கள்?

யமுனைவாசி

நடமாட்டம் என்றால் யாருடைய நடமாட்டம் என்று பார்க்க வேண்டும் தங்கையே. இரவு ஒன்பதுக்கு ஒரு தெருவில் நின்று எண்ணிப் பார். அதில் பெண்கள் எத்தனை பேர், கைக்குழந்தையோடு எத்தனை பேர், வீட்டுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? லாஜ்பத் நகர்ச் சந்தையிலும் கரோல் பாக்கிலும் பாதிக் கூட்டம் பெண்கள். அந்த நேரத்தில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆண்கள்தான் மிகுதி. அவர்களில் பலர் அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் அல்லர், ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ காத்திருக்கிறவர்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தெருவுக்குக் கண் வைத்துக்கொள்வது அங்கேயே வாழ்கிறவர்கள்தாம். இஸ்திரி போடுகிறவர், பால் பூத்காரர், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் பாட்டி. வழிப்போக்கர் எத்தனை பேர் இருந்தாலும் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள்.

பயணப்பை

மெயின் பஜார் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள் அக்கா. ஒருமுறை ஒருவன் என்னைத் தொடர்ந்து வந்தபோது, சால்வை விற்கும் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று அவனை விரட்டிவிட்டு, நான் அறைக்குள் போகும் வரை வாசலில் நின்றார். இதை நான் மறக்க முடியாது. மெயின் பஜாரையும் அதைச் சுற்றியுள்ள பின் சந்துகளையும் ஒரே கணக்கில் சேர்ப்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

வைகைக்கரைக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை, மாடிப்படி ஒன்றே போதுமான காரணம். தனியாக, கையில் பணம் குறைவாக, இளம் வயதில் வருகிற பெண்ணுக்கு அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

முன்மேசை

கரோல் பாக்கில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் சில ஆண்டுகள் இருந்தவன். திருடனையும் தரகனையும் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் தீயைப் பற்றிச் சொல்கிறேன்.

2019 பிப்ரவரி 12 அதிகாலை கரோல் பாக்கில் ஒரு விடுதி எரிந்தது. 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்த நேரம். நடைவழிச் சுவரில் பதித்திருந்த மரப்பலகை வழியாகத் தீயும் புகையும் பரவின. அறையைத் திறந்து வெளியே வந்தவர்கள் புகைக்குள்தான் வந்தார்கள். அந்தத் தெரு கெட்ட தெரு என்று எவரும் சொன்னதில்லை. குடும்பங்கள் தங்கும் இடம், சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலையில் பழைய ராஜிந்தர் நகரில் பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைநீர் புகுந்து மாணவர் மூவர் இறந்தார்களே, அதுவும் நல்ல பெயர் எடுத்த பகுதிதான். பகுதி உங்களைக் காப்பாற்றும் என்று கட்டடத்தைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

அறைக்குள் பெட்டியை வைத்ததும் நான் செய்வது இது. படிக்கட்டு எங்கே, இரண்டாவது வழி உண்டா என்று நடந்து பார்ப்பேன். பல விடுதிகளில் அவசர வழி என்று பலகை இருக்கும், அதன் கீழே மடக்குக் கட்டிலும் அழுக்குத் துணி மூட்டையும் அடைத்திருக்கும். மேலே போகும் கதவில் பூட்டுத் தொங்கும். சாவி யாரிடம் என்று கேளுங்கள். மேசையில் இருப்பவர் பதில் தெரியாமல் விழித்தால் அறையை மாற்றாதீர்கள், விடுதியையே மாற்றுங்கள். ஜன்னலே இல்லாத அறை, அடித்தள அறை இரண்டும் வேண்டாம். முதல் மாடியில் தெருவைப் பார்த்த அறை கேளுங்கள். அம்மாவுக்கும் அதுதான் நல்லது. லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், இரவில் நிறுத்திவிடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குளிர்காலத்துக்கு இன்னொன்று. சில பழைய விடுதிகளில் குளியலறைக்குள்ளேயே எரிவாயு கீசர் வைத்திருப்பார்கள். காற்றோட்டம் இல்லையென்றால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, தலைவலியும் தலைசுற்றலும்தான் முதல் அறிகுறிகள். மின்சார கீசரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிருக்காகக் கரி அங்கீட்டி (கணப்புச் சட்டி) கொண்டுவந்து வைக்கிறோம் என்றால் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கே வருகிறது.

பூசா ரோடு

முன்மேசை எழுதியது அத்தனையும் உண்மை. அந்தத் தீக்குப் பிறகு இங்கே பல விடுதிகளில் தீயணைப்புத் துறை ஆய்வு நடந்து, பலவற்றின் தடையின்மைச் சான்று ரத்தானது. இன்றும் கரோல் பாக்கை நான் பரிந்துரைப்பேன், ஆனால் சான்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.

வைகைக்கரை

அக்கா, முன்மேசை, தண்டவாளம் ஐயா, எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை உட்கார்ந்து லாஜ்பத் நகரிலும் கரோல் பாக்கிலும் சில இடங்களுக்கு போன் செய்தேன். நீங்கள் சொன்ன கேள்விகளையே கேட்டேன். பதில்களைவிட அவர்கள் பதில் சொன்ன விதம் எனக்கு உதவியது.

ஓர் இடத்தில் அவசரப் படிக்கட்டு என்றதுமே, "மேடம், நீங்கள் விடுதியில் தங்கப் போகிறீர்களா, சோதனை போட வருகிறீர்களா?" என்று கேட்டார் ஒருவர். இன்னோர் இடத்தில் மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிடம் என்றார்கள். எந்த வாசலிலிருந்து என்று கேட்டதும் "ஆட்டோவில் ஐந்து நிமிடம்" ஆனது. லாஜ்பத் நகரில் ஒரு சிறு விருந்தினர் இல்லத்தில் போனை எடுத்தவர் பெண். தரைத்தளத்தில் மூன்று கட்டில் போட்ட அறை, மின்சார கீசர், பின் பக்கம் இன்னொரு வழி, அது உள்ளிருந்து தாழ்ப்பாள் மட்டும்தான் என்றார். இரவு எத்தனை மணிக்கு வந்தாலும் திறக்கும் கேட் எது என்பதை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினார். வாடகை 2800. அதை எடுக்கத் தோன்றுகிறது.

இப்போது என் கவலை முதல் இரவுதான். 10:50க்கு இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர எப்படியும் பதினொன்றரை ஆகிவிடும். மெட்ரோ இருக்குமா?

தண்டவாளம்

அந்த நேரத்தில் மெட்ரோவை நம்பாதீர்கள். விமான நிலைய வழித்தடத்தின் கடைசி வண்டி ஏறக்குறைய நீங்கள் வெளியே வரும் நேரம்தான். அதைப் பிடித்தாலும் புதுதில்லியில் இறங்கி நள்ளிரவில் நிலைய வாசலில் நிற்க வேண்டிவரும். டிசம்பரில் மூடுபனியால் விமானம் தாமதமாவதும் சாதாரணம்.

கோவை வாசகன்

அப்படியென்றால் அந்த ஓர் இரவாவது விமான நிலையம் அருகே மகிபால்பூரில் மலிவாக அறை எடுத்துவிட்டு, காலையில் மாறிக்கொள்ளலாமே?

யமுனைவாசி

மகிபால்பூர் வேண்டாம் ஐயா. விமான நிலையத்துக்கு அருகே என்பது வரைபடத்தில் பார்க்கத்தான். நெடுஞ்சாலையை ஒட்டி, உள் சந்துகளில் விடுதி மேல் விடுதியாக நெருக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர்கள் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இறக்கிவிட்டுப் போவது உண்டு. வேகமாக வாகனங்கள் பாயும் சாலையின் தவறான பக்கத்தில் அம்மாவோடு நிற்கும்படி ஆகிவிடும். ஓர் இரவுக்காக இரண்டு முறை பெட்டி கட்டுவதும் வீண்.

வைகைக்கரை, நேராக லாஜ்பத் நகருக்கே வந்துவிடுங்கள். டெர்மினலுக்கு உள்ளேயும் வெளியேயும் "டாக்சி, டாக்சி" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைத் தாண்டி நடங்கள். தில்லிப் போக்குவரத்துக் காவல்துறையின் முன்கட்டண டாக்சிச் சாவடி இருக்கும். போகுமிடத்தைச் சொல்லிப் பணத்தைக் கட்டினால் ஒரு சீட்டுத் தருவார்கள், அதில் வண்டி எண் இருக்கும். அந்தச் சீட்டை விடுதி வாசலில் இறங்கிய பிறகுதான் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால்தான் அவருக்குப் பணம் கிடைக்கும், ஆகவே நடுவழியில் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சீட்டைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். செயலியில் கார் எடுப்பதென்றால் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, ஓட்டுநர் உங்கள் ஓடிபியைக் கேட்ட பிறகே பெட்டியை ஏற்றுங்கள். விருந்தினர் இல்லத்துப் பெண்மணியிடம் காரில் ஏறியதும் பேசுங்கள், ஓட்டுநர் காதில் விழும்படி. இந்தியில் திறந்த கேட்டுக்கு வழி சொல்லும் வேலையை அவரே பார்த்துக்கொள்வார்.

நகருக்குள் மெட்ரோவில் போகும்போது, வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கானது. நடைமேடையில் இளஞ்சிவப்புக் குறி போட்டிருப்பார்கள். மூவரும் அதிலேயே ஏறுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. மகளின் சட்டைப் பையில் இல்லத்தின் முகவரியை இந்தியில் எழுதிவையுங்கள்.

முன்மேசை

வருகைப் பதிவின்போது ஆதார் கேட்பார்கள், பெரியவர்கள் இருவருக்கும் தேவை. முதல் எட்டு இலக்கங்களை மறைத்த ஆதாரை இணையதளத்திலிருந்து பதிவிறக்கி அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அசலைக் காட்டுங்கள், கையில் கொடுத்துவிட்டு அறைக்குப் போகாதீர்கள்.

வைகைக்கரை

அப்படியே செய்கிறேன். இன்று முன்பணம் கட்டிவிட்டேன். நாத்தனாரும் சமாதானமாகிவிட்டார். 31ஆம் தேதி மாலை கன்னாட் பிளேஸில் விளக்கு அலங்காரம் பார்க்கலாமா என்று மகள் கேட்கிறாள்.

யமுனைவாசி

அதை முந்தின நாள் மாலையில் பார்த்துவிடுங்கள். புத்தாண்டு இரவில் அந்தப் பகுதிக்கு வாகனங்களை விடுவதில்லை, ராஜீவ் சௌக் மெட்ரோவிலிருந்து இரவில் வெளியேறவும் அனுமதிப்பதில்லை. கூட்டமும் அன்றைக்குக் குடும்பக் கூட்டமாக இருக்காது. 31 இரவு அறைக்குச் சீக்கிரம் திரும்பிவிடுங்கள். சந்தையில் சூடாக ஏதாவது வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் ஒரு நாள் ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திர் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கமே சாப்பிடுங்கள். கோயில் குன்றின் மேல் இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு ஏற்ற வழி எது என்று கீழேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம்

ஆக்ரா நாளையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும், ஆக்ரா போகும் கதிமான் எக்ஸ்பிரசும் அன்று ஓடாது. திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். கதிமான் காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் நிஜாமுதீனிலிருந்து புறப்படும், உங்கள் இல்லத்திலிருந்து விடிந்த பிறகு கிளம்பினால் போதும். புதுதில்லியிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு சதாப்தி இருக்கிறது. அதற்காக நான்கரை மணி இருட்டில் மூவரும் தெருவில் நிற்க வேண்டாம். நிஜாமுதீனுக்கும் இரண்டு பக்கம் வாசல் உண்டு, சராய் காலே கான் பஸ் நிலையம் இருப்பது பின் பக்கம். ஆட்டோக்காரரிடம் எந்த வாசல் என்று சொல்லாவிட்டால் அவருக்கு வசதியான பக்கத்தில் விட்டுவிடுவார். அம்மா மேம்பாலம் ஏறி இறங்காமல் இருக்க, நடைமேடை எண்ணை முதலில் 139-இல் கேட்டுவிட்டு, அதற்குப் பக்கமான வாசலைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

அப்படியானால் ஆக்ராவுக்கு வியாழன், செங்கோட்டைக்குச் செவ்வாய் என்று வைத்துக்கொள்கிறேன் ஐயா. கதிமானில் மூன்று இருக்கைகள் இன்னும் இருக்கின்றன, இப்போதே எடுத்துவிடுகிறேன்.